தேசிய முன்னணியா, பெரிக்காத்தானா: சம்பளமும் அந்நியத் தொழிலாளரும்

2022 நவம்பர் 19ஆம் தேதி நடந்த மலேசியாவின் 15ஆவது பொதுத் தேர்தலில், பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள கெப்பாலா பத்தாஸ், தாசேக் குளுகோர், பெர்மாத்தாங் பாவ் ஆகிய மூன்று நாடாளுமன்றத் தொகுதிகளையும் பெர்சத்து, பாஸ் கட்சிகளின் கூட்டணியான பெரிக்காத்தான் நேஷனல் வென்றது. அடுத்த ஆண்டு ஆகஸ்டு 12ஆம் தேதி நடந்த மாநிலத் தேர்தலில், 40 சட்டமன்ற இடங்களில் 11 பெரிக்காத்தானுக்கும் 2 மட்டும் அம்னோ தலைமையிலான தேசிய முன்னணிக்கும் கிடைத்தன. பழமைவாத ஆதரவு ஒரு கூட்டணியிலிருந்து இன்னொன்றுக்கு நகர்ந்ததை இன, சமய உணர்வைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது; பிழைப்பைப் பற்றிய கவலையும் அதில் உண்டு. பினாங்கின் பிறை, பட்டர்வொர்த் வட்டாரத் தொழிற்சாலைகளை நம்பி வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கும் அதே கவலைகள் உண்டு: வாங்கும் சம்பளம் மாதக் கடைசிவரை வருமா, அதே வேலைக்குக் குறைந்த கூலியில் வெளிநாட்டு ஆள் கிடைத்தால் நம் பிள்ளைகளின் நிலை என்ன?

மேடைப் பேச்சை ஒதுக்கிவிட்டு, இரு தரப்பும் ஆட்சியில் செய்தவற்றை ஒப்பிடுவதே நியாயம். ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பெர்சத்துவின் முஹிடின் யாசின் 2020 மார்ச்சில் அமைத்த பெரிக்காத்தான் அரசாங்கத்தில் தேசிய முன்னணியின் அம்னோவும் ம.இ.கா.வும் (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) இருந்தன, 2021 ஆகஸ்டில் அம்னோவின் இஸ்மாயில் சப்ரி பிரதமரானபோது பெர்சத்துவும் பாஸும் அமைச்சரவையில் தொடர்ந்தன. மனிதவள அமைச்சராக இரண்டிலும் இருந்தவர் ம.இ.கா.வின் சரவணன்தான்.

பெரிக்காத்தான் பதவிக்கு வந்த சில நாள்களிலேயே கோவிட் தொற்றால் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது; 2020 மே மாதத்தில் வேலையின்மை 5.3 விழுக்காட்டை எட்டியது. 25,000 கோடி ரிங்கிட் உதவித் திட்டமும், ஆறு மாதக் கடன் தவணை ஒத்திவைப்பும் அந்த நெருக்கடியில் குடும்பங்களைத் தாங்கிப் பிடித்தன என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் ஐ-லெஸ்தாரி, ஐ-சினார், ஐ-சித்ரா என்ற திட்டங்களின் பெயரில் ஊழியர் சேமநிதியிலிருந்து பணம் எடுக்கத் திறந்துவிட்டது வேறு கதை. இஸ்மாயில் சப்ரி காலத்தில் அனுமதிக்கப்பட்ட 10,000 ரிங்கிட்டையும் சேர்த்து, மொத்தம் 14,500 கோடி ரிங்கிட் வெளியே போனது. அது அரசாங்கத்தின் பணம் அல்ல, தொழிலாளி முதுமைக்குச் சேர்த்து வைத்த சொந்தப் பணம். அதை உதவி என்று எண்ணி நன்றி சொல்ல என்னால் முடியவில்லை.

இஸ்மாயில் சப்ரி ஆட்சியின் பெரிய செயல், 2022 மே 1 முதல் குறைந்தபட்சச் சம்பளத்தை 1,500 ரிங்கிட்டாக உயர்த்தியது. அந்நியத் தொழிலாளருக்கும் அதே தொகைதான் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. வீட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் அது பொருந்தாது. இருவருக்கும் ஒரே அடிமட்டக் கூலி என்றால், உள்ளூர்க்காரரை விலக்கிவிட்டு வெளியாளை எடுப்பதில் முதலாளிக்குக் கிடைக்கும் லாபம் சுருங்குகிறது. எந்த எல்லைக் காவலையும்விட இதுவே நம் சம்பளத்துக்கு உறுதியான பாதுகாப்பு என்பது என் கருத்து. உள்நாட்டில் விலை ஏறாமலிருக்க அதே ஆண்டு ஜூனில் கோழி ஏற்றுமதியை நிறுத்தியதும் மக்களுக்குப் பிடித்திருந்தது. ஆனாலும் ஜூலையில் கோழியின் உச்சவரம்பு விலை கிலோவுக்கு 9.40 ரிங்கிட்டாக உயர்ந்தது.

குடிநுழைவு விஷயத்தில் பெரிக்காத்தானின் முகம் கடுமையானது. 2020 ஜூனில் வெளிநாட்டுத் தொழிலாளரின் புதிய ஆளெடுப்பை நிறுத்தியது. அதற்கு முன், மே 1 அன்று, கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா பகுதியில் முள்வேலிக்குள் இருந்த குடியிருப்புகளில் சோதனை நடத்தி, ஆவணமற்றவர்களை அது பிடித்துச் சென்றது. பயமில்லாமல் கிருமிப் பரிசோதனைக்கு வரலாம் என்று அரசாங்கமே சொல்லியிருந்த பிறகு இது நடந்தது. பிடிபட்டவர்கள் தொழிலாளர்கள், அவர்களை அழைத்து வந்து கைவிட்டவர்களின் பெயர் வெளியே வரவில்லை. அதே அரசாங்கம், கிள்ளான் கையுறைத் தொழிலாளர் விடுதிகளில் தொற்று வெடித்த பிறகு, 2021 பிப்ரவரியில் அவசரகாலச் சட்டத்தின் வழி முதலாளிகளின் தங்குமிடக் கடப்பாட்டை இறுக்கியது. அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

இஸ்மாயில் சப்ரி ஆட்சி 2022 பிப்ரவரியில் ஆளெடுப்பைத் திரும்பத் திறந்தது. 2021 டிசம்பரில் வங்காளதேசத்துடன் செய்த உடன்பாட்டைத் தொடர்ந்து, அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட முகவர் நிறுவனங்கள் இருக்க, 25 மட்டுமே முதலில் அனுமதிக்கப்பட்டன. மலேசியத் தரப்புச் செலவை முதலாளி ஏற்பதாக உடன்பாட்டில் இருந்தும், முகவருக்குக் கொடுத்த கடனைத் தலையில் சுமந்துகொண்டே தொழிலாளர்கள் வந்திறங்கினர். கடனில் சிக்கியவர் எந்த வேலையையும் மறுக்க மாட்டார். எந்தக் குறையையும் புகார் செய்ய மாட்டார். அவருடைய அச்சம்தான் பக்கத்தில் நிற்கும் நம் ஆளின் பேரம் பேசும் பலத்தையும் குறைக்கிறது.

ஆகவே வருமானத்தை அளவாக வைத்தால் தேசிய முன்னணியின் பதிவே மேல் என்பேன். தங்குமிடத்தில் பெரிக்காத்தான் ஒரு படி முன்னே சென்றது. ஆளெடுப்பு வியாபாரத்திலோ இருவருமே தொழிலாளியைத்தான் கண்டித்தார்கள், இடைத்தரகரை விட்டுவிட்டார்கள். 2022 இறுதியில் அன்வார் இப்ராஹிம் தலைமையில் அமைந்த ஒற்றுமை அரசாங்கத்தில் தேசிய முன்னணியும் சேர்ந்தது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட்டானது. அடுத்த முறை எந்தக் கூட்டணி வேட்பாளர் பிறைக்கு வந்து அந்நியத் தொழிலாளரைப் பற்றிப் பேசினாலும், எத்தனை பேரைத் திருப்பி அனுப்புவீர்கள் என்பதை விட, முகவர் கட்டணத்தை யாரிடமிருந்து மீட்டுக் கொடுப்பீர்கள் என்றுதான் அவரிடம் கேட்க வேண்டும்.