சைபர்டிரக்: எவர்சில்வரை விடுங்கள், உள்ளே ஓடும் ஒயரைப் பாருங்கள்

டெஸ்லா 2019 நவம்பரில் சைபர்டிரக் என்ற மின்சார பிக்கப்பைக் காட்டியபோது, உடையாது என்று சொன்ன கண்ணாடி மேடையிலேயே உடைந்ததைப் பற்றியே ஊரெல்லாம் பேசியது. எனக்கோ வேறொரு கேள்விதான் மண்டையைக் குடைந்தது. தனி ஃபிரேம் வேண்டாம், எவர்சில்வர் ஓடே பாரத்தைத் தாங்கும் என்கிறார்களே, அது எப்படி? தகடு அவ்வளவு கெட்டி, அச்சில் வைத்து அழுத்த வராது, அதனால்தான் வண்டி முழுக்கத் தட்டையாக இருக்கிறது, பெயின்ட் ஷாப்பே வேண்டாம், செலவு மிச்சம் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டோம். அப்போது சொன்ன 39,900 டாலர் விலையைப் பலர் நம்பியதும் இந்தக் கணக்கை வைத்துத்தான்.

2023 நவம்பர் கடைசியில் வண்டி கைக்கு வந்தபோது அந்தக் கணக்கு பலிக்கவில்லை. பாரம் தாங்குவது முன்னும் பின்னும் இருக்கும் ராட்சத அலுமினிய வார்ப்புகளும் நடுவில் உள்ள பேட்டரிப் பெட்டியும். எவர்சில்வர் வெளியே பொருத்திய தகடுதான். அதிலும் முன்கண்ணாடி ஓரமாகக் கூரைக்கு ஏறும் தகடு பசை விட்டு, ஓடும்போதே கழன்று விழலாம் என்று 2025 மார்ச்சில் 46,096 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். யார் தொட்டாலும் விரல் தடம் விழுவது தனி. கதவைத் தள்ளிய கையின் ரேகை, கழுவாத டம்ளரில் தெரிகிற மாதிரி வெயிலில் அப்படியே தெரியும்.

சரி, இதோடு வண்டியை ஒதுக்கிவிடலாமா என்றால், கூடவே கூடாது. டெக்சாஸில் நண்பர் ஒருவருடைய வண்டியை ஓட்டிப் பார்த்தேன். ஸ்டீயரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இரும்புத் தண்டே கிடையாது, கை எவ்வளவு திரும்பியது என்று சென்சார் பார்த்துச் சொல்ல, மோட்டார்கள்தான் சக்கரத்தைத் திருப்புகின்றன. மெதுவாகப் போகும்போது லேசாகத் திருப்பினாலே சக்கரம் நன்றாக மடிகிறது, வேகம் ஏற ஏற அதே திருப்பலுக்குக் கொஞ்சம்தான் மடிகிறது. ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு ஒரு முழுச் சுற்றுகூட இல்லை, கை மாற்றிப் பிடிக்கவே வேண்டாம். பின் சக்கரமும் சேர்ந்து திரும்புவதால், ஐந்தரை மீட்டருக்கு மேல் நீளமுள்ள இந்த வண்டி நெருக்கடியான பார்க்கிங்கில் சின்னக் கார் மாதிரி வளைந்து நுழைகிறது. முதல் சில வளைவுகளில் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பிவிடும், அப்புறம் கை தானாகப் பழகிக்கொள்ளும்.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது 48 வோல்ட். மற்ற கார்களில் விளக்கு, வைப்பர், சீட் மோட்டார் எல்லாம் 12 வோல்ட்டில் ஓடுகின்றன. 48 ஆக்கினால் அதே வேலைக்குக் கால் பங்கு கரண்ட் போதும், அதே ஒயரில் சூடாகி வீணாவது பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஒயர் மெலிகிறது, செம்பு மிச்சம். கனமான சக்கரத்தைத் திருப்பும் மோட்டாருக்கு வேண்டிய பவரும் சுலபமாகக் கிடைக்கிறது. இதன் நன்மை எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் சப்ளையர்கள் செய்யும் ஒவ்வொரு சின்ன மோட்டாரையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்குமே என்று பெரிய கம்பெனிகள் தள்ளிப்போட்டு வந்தன. டெஸ்லா செய்தே காட்டியது, செய்த விவரத்தை மற்ற கம்பெனிகளுக்கும் அனுப்பியது, ஃபோர்டு தலைவர் ஜிம் ஃபார்லி அது வந்து சேர்ந்ததாக வெளிப்படையாகச் சொன்னார். எனக்கு இந்த வண்டியில் உண்மையான சாதனை இதுதான், இது ஒரு சாதாரண பெயின்ட் அடித்த பாடிக்குள் வந்திருந்தால் விலையும் குறைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

பிக்கப்பாக மட்டும் பார்த்தால் ஆதங்கம் இருக்கிறது. கேபினிலிருந்து பின்னோக்கிச் சரியும் பக்கச் சுவர் உயரமானது, பக்கத்தில் நின்று கை விட்டு ஒரு டூல் பாக்ஸை எடுக்க முடியாது. சரக்கு வைக்கும் பின்தொட்டியின் மேல் ஷட்டரை மூடினால் பின் கண்ணாடி மறைந்துவிடும், திரையில் கேமராவைப் பார்த்துத்தான் ஓட்ட வேண்டும்.

2019இல் மூன்று மோட்டார் மாடல் ஒரு சார்ஜில் 500 மைலுக்கு மேல் ஓடும் என்றார்கள். 79,990 டாலருக்கு வந்த இரண்டு மோட்டார் மாடலுக்கு 340 மைல்தான் சொன்னார்கள். குறையை ஈடுகட்டக் கூடுதல் பேட்டரி தருவதாகச் சொன்னதும் பின்தொட்டியில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கும் வடிவம்தான், அதையும் 2025இல் கைவிட்டார்கள். கனமான டிரெய்லர் கட்டினால் எந்த மின்சார பிக்கப்புக்கும் தூரம் கிட்டத்தட்டப் பாதியாகும். அதனால் படகோ கேரவனோ இழுத்துக்கொண்டு நெடுந்தூரம் போகிறவர்கள் இதை வாங்க வேண்டாம். வேலைக்குப் போய் வர, வீட்டிலேயே சார்ஜ் போட வசதி இருக்கிறவர்கள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.