ஃப்ரேம் ஸ்லைடர்: போடுவதற்கு முன் போல்ட் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள்

பைக் விழும்போது அதன் பாகங்கள் தரையில் உரசாமல் தாங்கிக்கொள்ள, இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும்படி போல்ட் போட்டு முடுக்கும் உருளைதான் ஃப்ரேம் ஸ்லைடர். அதைப் போடலாமா என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது, அதன் போல்ட் உங்கள் வண்டியில் எதில் போய் இறங்குகிறது என்பதைத்தான். இரண்டு வண்டிகளில் பல வருஷமாக ஸ்லைடரோடு ஓட்டி வருகிறேன். ஒன்று ஃபேரிங் (வண்டியின் பக்கங்களை மூடும் பிளாஸ்டிக் உறை) இல்லாத நேக்கட், இன்னொன்று முழு ஃபேரிங் உள்ளது. போட்டதில் எனக்குத் திருப்திதான். ஆனால் எல்லா வண்டிக்கும் போடுங்கள் என்று சொல்ல மாட்டேன்.

பெரும்பாலான கிட்டில் எஞ்சின் மவுண்ட் போல்ட் ஒன்றைக் கழற்றிவிட்டு, அதே இடத்தில் நீளமான போல்ட்டை ஸ்லைடரோடு சேர்த்து முடுக்குவார்கள். வண்டி விழுந்தால் அந்த அடி முழுவதும் இந்த ஒரு போல்ட் வழியாகத்தான் உள்ளே போகும். ஃப்ரேமின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஊடுருவிப் போகும் நீள போல்ட் என்றால் பாரம் பரவிவிடும். எஞ்சின் அலுமினிய உடம்பில் வெட்டிய மரையில் நேரடியாக இறங்கும் குட்டை போல்ட் என்றால் கதையே வேறு. அடி பலமாக விழுந்தால் மரை பிய்த்துக்கொண்டு வரலாம், வார்ப்பே விரிசல் விடலாம். ஒரு ஃபேரிங்கைக் காப்பாற்றப் போய் எஞ்சின் கேஸை மாற்றுகிற நிலைமை வரும். அப்படிப்பட்ட வண்டிக்கு, இரண்டு மூன்று இடங்களில் பிடித்து நிற்கும் பிராக்கெட்டோடு வரும் கிட் கிடைத்தால் மட்டும் போடுங்கள். கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

நீளத்திலும் கவனம் வேண்டும். ஸ்லைடர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அளவுக்கு நெம்புகோல் விசை கூடும். வண்டியின் மிக அகலமான பாகத்தைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே வந்தால் போதும். போல்ட் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு நல்லது என்று நினைப்பவர்களும் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அடி வாங்கும்போது முதலில் வளைய வேண்டியது போல்ட், ஃப்ரேம் அல்ல. போல்ட் தலையில் அதன் வலிமைத் தரத்தை 8.8, 10.9 என்று பொறித்திருப்பார்கள். கம்பெனி போல்ட்டில் என்ன தரமோ அதையே நான் வைத்திருக்கிறேன்.

விழுந்த அனுபவத்துக்கு வருகிறேன். சரிவான இடத்தில் வண்டியைத் திருப்பும்போது நின்ற நிலையில் சாய்ந்ததெல்லாம் ஸ்லைடருக்குப் பெரிய வேலையே இல்லை. வண்டி ஸ்லைடர், ஹேண்டில்பார் முனை, ஃபுட்பெக் மூன்றின் மேலும் படுத்துக்கொள்ளும். டேங்க்கிலும் கிளட்ச் கவரிலும் ஒரு கீறல் இல்லை. உண்மையான சோதனை ஒரு வளைவில் வந்தது. மணல் கொட்டிக் கிடந்ததில் முன் டயர் வழுக்கி, நேக்கட் வண்டி இடப்பக்கமாகத் தரையில் சறுக்கிக்கொண்டே போனது. நல்ல ரைடிங் கியர் போட்டிருந்ததால் எனக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஸ்லைடரைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்தேன். டெல்ரின் என்ற கெட்டிப் பிளாஸ்டிக்கில் செய்த உருளையின் முகம் சரிவாகச் சீவியது போலத் தேய்ந்து, பொடிக் கற்கள் அதில் பதிந்திருந்தன. உள்ளே பள்ளத்தில் இருக்கும் போல்ட் தலை மட்டும் தரையைத் தொடவே இல்லை. இது முக்கியம். பிளாஸ்டிக் தேயத் தேய வழுக்கிக்கொண்டு போகும்; இரும்புத் தலை வெளியே வந்துவிட்டால் தரையைக் கவ்வும். முழுக்க அலுமினியத்தில் பளபளவென்று விற்கிற ஸ்லைடர்களை நான் தவிர்ப்பதும் இதனால்தான். பிறகு போல்ட்டைக் கண்ணாடிப் பலகைமேல் உருட்டினேன். கண்ணுக்கு நேராகத் தெரிந்தது உருளும்போது லேசாகத் துள்ளியது. வளைந்துவிட்டது என்று அர்த்தம், அதைத் தூக்கிப் போட்டேன். மவுண்ட் சுற்றிலும் டார்ச் அடித்து பெயிண்டில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை.

ஸ்லைடர் காப்பாற்றாதவையும் உண்டு. கிளட்ச் லீவர் நுனி ஒடிந்தது, இண்டிகேட்டர் போனது, சைலன்சர் தப்பித்ததற்குக் காரணம் அது வலப்பக்கம் இருந்ததுதான். வேகமாகச் சறுக்கும் வண்டி நடைபாதை ஓரத்திலோ புல் தரையிலோ மோதினால், நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்லைடரே மாட்டி வண்டியைப் புரட்டிவிடும். கிளட்ச், ஆல்டர்னேட்டர் பக்கத்து மூடிகள் கூர்மையான கல்லில் பட்டு உடைந்தால் எண்ணெய் ரோட்டில் கொட்டும். அதைத் தடுக்க எஞ்சின் கவர் ப்ரொடெக்டர் தனியாக வேண்டும். டிராக்கில் ஓட்டுகிறவர்கள் ஸ்லைடருக்கு முன் அதைத்தான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து.

காலைக் காப்பாற்றும் என்று நம்பியும் வாங்காதீர்கள். ஸ்லைடருக்கு அந்த நோக்கமே கிடையாது. காலுக்கு என்றே விற்கும் கிராஷ் பார் (வண்டியின் பக்கவாட்டில் வளைந்து நிற்கும் உலோகக் குழாய்) பற்றிக்கூட, ஹாரி ஹர்ட் தலைமையில் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகம் விபத்துகளை நேரில் ஆராய்ந்து 1981-ல் வெளியிட்ட அறிக்கை, கணுக்காலிலும் பாதத்திலும் குறைந்த காயம் முழங்கால், தொடைப் பக்கம் கூடிவிடுகிறது என்றே சொன்னது. காலுக்கு நல்ல பூட்ஸ் வாங்குங்கள்.

பொருத்தும்போது எஞ்சினுக்கு அடியில் ஜாக் முட்டுக் கொடுத்து, ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்ற வேண்டும். இரண்டையும் ஒன்றாகக் கழற்றினால் எஞ்சின் இறங்கி ஓட்டைகள் நேர்படாமல் போகும். கிட்டில் சொன்ன டார்க் (முடுக்கும் முறுக்கு விசை) அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே முடுக்குங்கள், கைக்கணக்கு இங்கே ஆகாது. முடுக்கியதும் போல்ட்டுக்கும் ஃப்ரேமுக்கும் சேர்த்து ஒரு பெயிண்ட் கோடு இழுத்துவிடுவேன். வண்டி கழுவும்போது கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தாலே தளர்ந்தது தெரிந்துவிடும்.

ஃபேரிங் வண்டி வைத்திருப்பவர்கள், ஃபேரிங்கில் ஓட்டை போடத் தேவையில்லாத கிட் என்றால் அதன் பிராக்கெட்டைக் கவனித்துப் பாருங்கள். ஃபேரிங்கைச் சுற்றி வருவதற்காக போல்ட்டிலிருந்து ஸ்லைடரை ஓரமாகத் தள்ளி வைத்திருப்பார்கள். அடி பட்டால் பிராக்கெட் அப்படியே சுழன்று ஃபேரிங்கையே உடைக்கும். என் வண்டிக்கு ஓட்டை போட்டு நேராக இறங்கும் கிட்டையே தேர்ந்தெடுத்தேன். கூடவே உருளை மட்டும் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டு, ஒரு ஜோடி உபரியாக வாங்கி வைத்திருக்கிறேன்.