எல்லைக் கல்லில் நின்ற காட்டுமாடு

கொடைக்கானல் வீட்டை விற்கக் கனடாவிலிருந்து வந்திருந்தேன். பட்டா, வில்லங்கம், மூலப் பத்திரம் எல்லாம் சுத்தமாக இருந்தன. அதனால் அவற்றைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. சர்வேயர் வந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும்.

அப்பா கட்டிய வீடு கொடைக்கானலில், ஏரிக்கு மேலே, பாம்பே சோலையை ஒட்டிய சரிவில் இருக்கிறது. பின்பக்க எல்லைக் கல்லைத் தாண்டினால் காடு. வாங்க வந்த மதுரைக்காரர், கல்லைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டார். அவரையும் குறை சொல்ல முடியாது. 2013-ல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலய அறிவிப்பு வந்தது. 2022-ல் உச்ச நீதிமன்றம் சரணாலயங்களையும் தேசியப் பூங்காக்களையும் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குக் கட்டுப்பாட்டு வளையம் வேண்டும் என்றது, மறு வருடமே தளர்த்தியும் விட்டது. தளர்த்திய சேதி மட்டும் எந்தத் தரகர் காதிலும் விழவில்லை. விலையைக் குறைக்க வேண்டுமென்றால் இன்றைக்கும் "ஒரு கிலோமீட்டர் சார்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

அளக்கப் பணம் கட்டுவது இப்போது ஆன்லைனில். "நாளைக்கு வர்றேன் சார்" மட்டும் பழைய மாதிரியேதான். ஒருவழியாகச் சர்வேயர் புலப்படமும் டேப்புமாக வந்து சேர்ந்தார். கல் பேரிக்காய் மரத்தடியில், உண்ணிச்செடிப் புதருக்குள் கிடந்தது. சரியாக அந்த இடத்தில் ஒரு காட்டுமாடு. கால் நாலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளை, உடம்பு கருங்கல். எங்களை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கியது.

"கூட்டமா இருந்தா ஓரமாப் போயிடலாம் சார். இது தனி மாடு" என்று சொல்லி, சர்வேயர் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். டீ வந்தது. மூடுபனி வந்தது. இரண்டாவது டீயும் வந்தது. மாடு அசையவில்லை. டொராண்டோவில் வீட்டை விற்றபோது வாங்கியவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. எல்லாம் வக்கீல் ஆபீஸிலேயே முடிந்தது. இங்கே மதியம் முழுக்க ஒரு மாட்டின் தயவுக்காகக் காத்திருந்தேன். எரிச்சல்தான். ஆனால் சின்ன வயதில் இதே ஜன்னல் வழியாக இதே வேடிக்கையைப் பார்க்க அடித்துக்கொண்டது ஞாபகம் வந்ததும் கொஞ்சம் தணிந்தேன்.

சாயங்காலம் மாடு தானாக இறங்கிப் போனது. அளவு பத்து நிமிஷம். கல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது.

அதற்கு மேல்தான் கூத்து. மாடு வருமென்று முன்னாலேயே சொல்லவில்லையாம், மதுரைக்காரர் விலையைக் குறைத்தார்! கனடாவில் ஏரிக்கரைக் காட்டேஜை விற்பவர் தோட்டத்தில் மான் வருகிறது என்று பெருமையடித்து விலையை ஏற்றுவார். போதாக்குறைக்கு, நான் வெளிநாட்டில் வசிப்பவன் என்பதால் விலையில் வரிக்காக முன்கூட்டியே பிடிக்கும் ஒரு சதவீத டிடிஎஸ் செல்லாது, அதற்கு மேலே பிடிக்க வேண்டும் என்று அவருடைய ஆடிட்டர் சொன்னார். சட்டம் அப்படித்தான், கனடாவிலும் வெளிநாட்டவர் விற்றால் பிடித்தம் உண்டு. அதில் எனக்குச் சண்டையில்லை.

மாட்டுக்காகக் குறைத்த விலைக்குச் சம்மதித்தேன். தரகர் மட்டும் கமிஷனைப் பழைய விலைக்குக் கணக்குப் போட்டுக் கேட்டார்.