ஒன்பது கட்டத் தாள் தோட்டத்தில் எடுபடுமா?

இலங்கையின் தேயிலைத் தோட்டப் பக்கம், ஹட்டனிலோ பண்டாரவளையிலோ, இளைஞர்களுக்குச் சமூகத் தொழில்முயற்சிப் (ஊருக்கு நன்மை செய்யும் தொழில்) பயிற்சி நடந்தால், பெரும்பாலும் ஒரு தாள் சுவரில் ஏறும். ‘பிஸ்னஸ் மாடல் கேன்வஸ்’. ஒரு தொழில் யாருக்கு, எதை, எப்படி விற்று ஓடும் என்று வரைந்து பார்க்க ஒன்பது கட்டம், ஒரே பக்கம். சுவிட்சர்லாந்துக்காரரான அலெக்சாண்டர் ஒஸ்டர்வால்டர், லோசான் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஈவ் பின்யருடன் செய்த ஆய்விலிருந்து பிறந்தது. இணையத்தில் இலவசம், உருவாக்கியவர்களின் பெயரைக் குறிப்பிட்டு அச்சடித்துக்கொள்ளலாம். முப்பது பக்கத் தொழில் திட்டம் எழுதச் சொல்லிப் பிள்ளைகளை விரட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் அப்படியே ஒட்டினால் பாதி வேலைதான் நடக்கும்.

முதலில் தாளும் பசையும். ஏ1 அளவு (59.4 × 84.1 செ.மீ.) போதும். டிமைத் தாள் இரண்டை ஒட்டி, மார்க்கரால் கோடு போட்டாலும் அதே பயன். ஒரு தாளுக்கு நான்கைந்து பேர். பத்துப் பேரை நிறுத்தினால் அது மார்க்கர் வைத்திருப்பவர் ஒருவரின் தொழிலாகிவிடும். பயிற்சியாளர்கள் விரும்பும் மஞ்சள் ஒட்டுத்தாள் நுவரெலியா, கந்தப்பளைப் பக்கத்து ஈரத்துக்குச் சரிவராது. ஓரம் சுருண்டு, விடியும்போது தரையில் கிடக்கும். எந்தக் கட்டத்திலிருந்து விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. வெட்டிய கடதாசித் துண்டும் செலோடேப்பும் பாதுகாப்பு.

அடுத்த தொல்லை மொழி. ‘பெறுமதி முன்மொழிவு’ என்று கட்டத்தின் தலையில் எழுதினால் அறையே மௌனமாகிவிடும். தலைப்பைக் கேள்வியாக மாற்றுங்கள்: “காசு குடுக்கப் போறது யாரு?”, “நம்மகிட்ட என்னாத்துக்கு வாங்குவாங்க?”, “சாமான் அவங்க கைக்கு எப்படிப் போகும்?” நிரப்பும் வரிசையும் முக்கியம். வலப்பக்கத்து வாடிக்கையாளரில் தொடங்கி வருமானம் வரை போய், பிறகே வளமும் பங்காளிகளும் செலவும் உள்ள இடப்பக்கம். பல குழுக்கள் இடமிருந்து தொடங்கி, “எங்களுக்குத் தேவை நாலு மெஷின்” என்று எழுதிவிடுகின்றன. அது நன்கொடைக்கான பட்டியல், தொழில் அல்ல.

சமூகத் தொழில்முயற்சிக்கு இந்தத் தாளின் பெரிய குறை, பயன்பெறுபவரையும் பணம் தருபவரையும் ஒரே கட்டத்தில் அடைப்பது. லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பெண்களுக்கு வேலை கொடுக்கவென்று தைக்கும் துணிப்பையை வாங்கப் போவது சுற்றுலா ஊரான எல்லவில் இறங்கும் பயணி. அந்தப் பெண்களை ‘வாடிக்கையாளர்’ என்று எழுதினால், தாளின் மிச்சம் எல்லாம் பிசகும். சமூகத் தொழில்முயற்சிக்கென்று திருத்திய வடிவங்களில் இரண்டுக்கும் தனிக் கட்டமும், மிஞ்சும் பணம் எங்கே போகும் என்று எழுத இன்னொரு இடமும் உண்டு. அது கிடைக்காவிட்டால் வாடிக்கையாளர் கட்டத்தின் நடுவே ஒரு கோடு இழுத்தால் முடிந்தது.

செலவுக் கட்டத்தில்தான் குழுக்கள் கவிழ்கின்றன. காரணம் ஒன்றே: சொந்த உழைப்புக்குக் கூலி போடுவதில்லை. அந்தத் துணிப்பைக்கே ஒரு மாதிரிக் கணக்கு. துணி 180 ரூபா, நூலும் லேபலும் 40, மெஷின் தேய்மானமும் கரண்டும் 25, பஸ் 30; மொத்தம் 275. விலை 500 என்று வைக்கிறார்கள். கடைக்காரர் 30 வீதம் எடுத்தால் கையில் 350. “பைக்கு 75 லாபம்” என்று கைதட்டல். இப்போது கூலியைச் சேருங்கள். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் நிர்ணயித்த 1,350 ரூபா நாட்சம்பளத்தை அளவுகோலாக எடுத்து, நாளுக்கு ஆறு பை என்றால், ஒரு பைக்கு 225. உண்மைச் செலவு 500. ஒவ்வொரு பையிலும் 150 நட்டம். அதே பையை 900க்கு விற்றால் கடைக்கு 270 போக 630 வரும், மிச்சம் 130. மாதம் 40 பை விற்றால் 5,200. ‘சமூகம்’ என்ற பங்கு வருவது இந்த 5,200இலிருந்துதான், அதற்கு முன்னால் அல்ல. கொழுந்து எடுக்கப் போனால் கிடைக்கும் கூலியைவிடக் குறைவாகத் தரும் முயற்சியில் யாரும் மூன்று மாதத்துக்கு மேல் நிற்கமாட்டார்கள், நிற்கவும் தேவையில்லை. நாட்சம்பளம் மாறினால் கணக்கையும் மாற்றுங்கள்.

தாளில் காலத்துக்கு இடமே இல்லை. கீழ்விளிம்பில் பன்னிரண்டு மாதத்தையும் எழுதி, விற்கும் மாதங்களை வட்டமிடுங்கள். நல்லதண்ணிப் பக்கம் கடை போடுபவர்களுக்குச் சிவனொளிபாதமலை யாத்திரை மார்கழி போயாவில் (பௌர்ணமி) தொடங்கி மே மாத வெசாக்கோடு முடிகிறது. நுவரெலியாவுக்கு ஏப்ரல். தென்மேற்குப் பருவமழையில் மஸ்கெலியாவில் எதையும் வெளியில் காயப்போட முடியாது. சாயம் போடும் யோசனைகள் மூழ்குவது அங்கேதான். இன்னொரு வரியும் தேவை: ஆறு மாதம் கழித்து யார் ஊரில் இருப்பார்? குழுவில் இருவர் கொழும்புக் கடை வேலைக்குப் போவது சாதாரணம். அதை ஒளிக்காமல், போகிறவரைக் கொழும்பு விற்பனைக் கட்டத்தில் எழுதுவது புத்திசாலித்தனம்.

கலை சார்ந்த யோசனைகளுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். தோட்டங்களில் சடங்காக ஆடும் காமன் கூத்தைப் பயணிகளுக்குக் காட்டலாம் என்று எங்காவது ஒரு குழு கட்டாயம் சொல்லும். மாசியில் காமன் ஊன்றி விரதத்தோடு நடப்பதை ஆண்டு முழுக்கச் சனிக்கிழமைக் காட்சியாக்க முடியாது; முயன்றால் முதல் எதிர்ப்பு கூத்து மாஸ்டரிடமிருந்தும் கோயில் கமிட்டியிடமிருந்தும் வரும், நியாயமாகவே. தப்பு மேளம் அடிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு மணி வகுப்பு, முகவொப்பனை, உடை தைக்கும் பட்டறை போன்றவை விற்கக்கூடியவை. மாஸ்டரின் பெயர் ‘பங்காளிகள்’ கட்டத்தில் மட்டும் போதாது. அவருக்கான தொகை செலவுக் கட்டத்திலும் வரவேண்டும்.

கடைசியாக, தாள் தொடவே தொடாத விஷயம்: இடம். சமூகத் தொழில்முயற்சிக்கென்று தனிச் சட்ட வடிவம் இங்கே இல்லை; சிறு குழு பிரதேச செயலகத்தில் கூட்டு வியாபாரப் பெயராகப் பதிவதே சுலபம். அங்கே வியாபார இடத்துக்கு ஆதாரம் கேட்பார்கள். லயத்து அறைக்கு உறுதிப் பத்திரம் இல்லை, தோட்ட நிர்வாகத்தின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் இழுபடும்போது ஆர்வமும் ஆறிவிடுகிறது. ஆகவே ‘வளங்கள்’ கட்டத்தின் முதல் வரியில் ‘இடக் கடிதம்: யார் கேட்பது, எந்தத் தேதிக்குள்’ என்று எழுதி, தாளின் மற்ற வேலை நடக்கும்போதே கேட்கத் தொடங்குங்கள். டவுனில் வீடோ கடையோ உள்ள உறவினரின் சம்மதமும் மாற்று வழி. உணவுப் பொருள் என்றால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை மெஷின் வாங்குமுன் பார்க்க வேண்டும்; லயத்து அடுப்படியைப் பார்த்த பிறகு அவர் சொல்வது தாளையே மாற்றிவிடும்.

ஒரே நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். முதல் நாள் மூன்று மணி நேரம், பிறகு இரண்டு வாரம் இடைவெளி. அதற்குள் ஒவ்வொரு குழுவும் பத்துப் பேரிடமாவது விலை சொல்லிக் கேட்டு வரட்டும். “நல்லாயிருக்கு” என்ற பதில் கணக்கில் சேராது, முற்பணம் தந்தால்தான் சேரும். இரண்டாம் அமர்வில் பொய்த்த துண்டுகளைக் கிழித்து மாற்றுங்கள். கிழிப்பதற்கு முன் தேதி எழுதிப் போனில் ஒரு படம் பிடித்துவிடுங்கள். தாளைச் சுருட்டிப் பொலித்தீனுக்குள் வையுங்கள், தகரக் கூரை ஒழுகும் வீட்டில் அது ஒரு மழைக்கும் தாங்காது.