காசுக்கு ஒரு கணக்கு, சோழிக்கு ஒரு கணக்கு

காசைச் சுண்டினால் தலை விழும் வாய்ப்பு 1/2. இதைச் சொல்ல ஒருமுறைகூடச் சுண்டத் தேவையில்லை. இரண்டு பக்கம், இரண்டுக்கும் சம வாய்ப்பு, அதில் ஒன்று தலை. பகடைக்கும் அப்படியே: 4 விழ 1/6.

சரி, தாயம் ஆட உருட்டும் சோழி? அதற்கும் இரண்டே நிலைகள்தான்: வாய் மேலே, முதுகு மேலே. உடனே 1/2 என்று எழுதும் மாணவர்கள் நிறைய. அங்கேதான் சறுக்கல். ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் குவிவு. சம வாய்ப்பு என்று யார் சொன்னது? உருட்டி எண்ணுவதே வழி. 200 முறையில் 84 முறை வாய் மேலே வந்தால் (இது கணக்குக்காக நான் வைத்த எண்) சார்பு நிகழ்வெண் 84/200, அதாவது 0.42. பாடநூல் சொல்லும் பட்டறி நிகழ்தகவு இதுதான். இன்னொரு சோழி வேறு விடை தரலாம்.

எண்ணும் வழிக்குப் பொறுமை வேண்டும். இரண்டாம் உலகப்போரில் டென்மார்க்கில் காவலில் இருந்த கணிதவியலாளர் ஜான் கெரிச் ஒரு காசை 10,000 முறை சுண்டினார். வேறு வேலை இல்லை போலும்! முதல் 100 சுண்டலில் தலை 44 தான். முடிவில் 5,067, அதாவது 0.5067.

தேர்வில் 'சீரான காசு' என்றிருந்தால் முதல் வழி. சுண்டி எண்ணிய முடிவுகளின் அட்டவணை கொடுத்திருந்தால், அது காசாகவே இருந்தாலும், இரண்டாவது.