பிறந்தநாளுக்கு வேண்டாம், மே மாதத்துக்குக் கொடுங்கள்

கடலூர் முதுநகர் பக்கம் மீனவர் குப்பத்துப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடும் ஒரு சின்ன அறக்கட்டளைக்கு இரண்டு வருடமாக மாதம் 500 ரூபாய் அனுப்புகிறேன். குறையும் சொல்லப் போவதால் அதன் பெயர் போடவில்லை.

அரசே போடும்போது இவர்கள் எதற்கு என்று முதலில் நானும் கேட்டேன். அரசுப் பள்ளியில் ஐந்தாவது வரை காலைச் சிற்றுண்டி, பத்தாவது வரை மதியம் முட்டையோடு சத்துணவு, எல்லாம் சரிதான், ஆனால் அது பள்ளி நாளில். மே மாதம்? இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும், படகில் கூலிக்குப் போகிறவருக்கும் வருமானம் இல்லை, மீன் விற்கிற அம்மாவுக்கும் கூடை காலி, அதே நேரம் பார்த்துப் பள்ளியும் மூடி சத்துணவும் நின்றுவிடும். இவர்கள் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கோடை விடுமுறை முழுக்கவும் மதியச் சாப்பாடு போடுகிறார்கள். இந்த ஒன்றுக்காகத்தான் விடாமல் அனுப்புகிறேன்.

போன மே மாதம் சொல்லாமல் கொள்ளாமல் போய் நின்றேன். ஒரு கொட்டகை, அறுபது பிள்ளைகள் இருக்கும். சாம்பார் சாதம், கோஸ் பொரியல், முட்டை. சாம்பாரில் பருப்பைக் கொஞ்சம் தேட வேண்டியிருந்தது, ஆனால் சோறு சூடு, குழையவில்லை. எதிரே இருந்த பையன் முட்டையைத் தரையில் உருட்டி ஓட்டை உரித்துக்கொண்டே, "இன்னிக்கும் சாம்பார் சாதமா ஆயா?" என்றான். கரண்டியோடு நின்றவர், "நேத்து ரெண்டு தரம் வாங்கித் தின்னது யாருடா?" என்றார். இலவசமாகப் போடும் பல இடங்களில் பிள்ளைகள் வாயே திறக்காது. இங்கே சலித்துக்கொள்ள உரிமை இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது.

உபயதாரர் நோட்டைப் புரட்டினேன். சித்ரா பௌர்ணமிக்கு நாலு பேர், வடை, கேசரி, பாயசம். மறுநாளிலிருந்து ஐந்து நாளுக்கு வெறும் கோடு. அமாவாசை, திதி, பிறந்தநாள் என்று எல்லோரும் நல்ல நாளாகப் பார்த்துக் கொடுக்கிறோம், செவ்வாய்க்கிழமைக்கு ஆள் கிடையாது. அந்தக் கோட்டு நாட்களை ஓட்டுவது மாதச் சந்தாப் பணம்தான். வடலூரில் 1867ல் வள்ளலார் மூட்டிய அடுப்பு தைப்பூசத்துக்கு மட்டுமா எரிகிறது? அதை மாவட்டத்திலேயே வைத்துக்கொண்டு நாம் பஞ்சாங்கம் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

குறைகள். முதல் வருடம் என் மகள் பெயர் எழுதிய அட்டையைப் பிள்ளைகள் கையில் கொடுத்து படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். எனக்குக் கூச்சமாகிவிட்டது, வேண்டாம் என்றேன், அதோடு எனக்கு வருவது நின்றது. மற்றவர்களுக்கு இன்னும் போகிறது என்று நினைக்கிறேன், கேட்பவர்கள் இருக்கும்வரை அவர்களும் எடுப்பார்கள்.

ரசீது விஷயம் இன்னும் மோசம். மே 31க்குள் கொடுக்க வேண்டிய, வரிக்கழிவு கேட்கத் தேவையான 10பிஇ நன்கொடைச் சான்றிதழ் நாலு தடவை போன் போட்டபிறகு ஜூலையில் வந்தது. வரிக்கழிவை நினைத்துக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்: பழைய வரிமுறையில் இருந்தால்தான் நன்கொடைக்குக் கழிவு உண்டு, 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலோ அரிசி மூட்டையாக இறக்கினாலோ கிடையாது. வங்கி வழியாகவே அனுப்புங்கள்.

அப்புறம், காலை பத்து மணிக்கு மேல் போன் எடுக்க மாட்டார்கள், சமையல் நேரம்.

இந்த வருடம் மகள் பிறந்தநாளுக்கு என்று வைத்திருந்த பணத்தை மே மாதத்தில் ஒரு கோட்டு நாளுக்கு எழுதச் சொன்னேன். போனை எடுத்தது அதே ஆயா. "அன்னிக்கு என்ன விசேஷம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்போ வடை போடலாமா, வேணாமா?"

போடுங்க என்றேன்.