குரூப் 4 பணியா, மதுரையிலேயே ஐ.டி. வேலையா?

மதுரை இளந்தைகுளத்தில், அரசு நிறுவனமான எல்காட்டின் ஐ.டி. வளாகத்தில் பார்த்த மென்பொருள் வேலையை விட்டுவிட்டு, குரூப் 4 தேர்வு வழியாக இளநிலை உதவியாளராகச் சேர்ந்தவன் நான். என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை மறைப்பதற்கில்லை. சம்பளம், பணிப் பாதுகாப்பு, வரன் பார்க்கும் இடத்தில் கிடைக்கும் மரியாதை ஆகியவற்றை எல்லோரும் அறிவர். 1.4.2003 முதல் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் இல்லை என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்தது பதவி உயர்வு. மென்பொருள் துறையில் நிறுவனம் மாறும்போதுதான் ஊதியமும் பதவியும் பெரும்பாலும் கணிசமாக உயர்கின்றன. மாறுவதற்கு உள்ளூரில் போதிய நிறுவனங்கள் இருக்க வேண்டும். இளந்தைகுளத்தையும், மதுரையின் மற்றோர் எல்காட் வளாகமான வடபழஞ்சியையும் சேர்த்துப் பார்த்தாலும், என் அனுபவத்துக்கேற்ற ஆளைத் தேடியவர்கள் மிகச் சிலரே. வேறொரு நிறுவனத்தின் பணி உத்தரவைக் காட்டிப் பேச முடியாதவர், மேலாளர் தரும் உயர்வை ஏற்றுக்கொள்ள வேண்டும், இல்லையேல் சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர வேண்டும்.

அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் உதவியாளராகி, கண்காணிப்பாளராகலாம். வருவாய்த் துறையானால் துணை வட்டாட்சியர், வட்டாட்சியர் என்று மேலும் செல்லலாம், அதுவும் ஊரைவிட்டு வெகுதூரம் போகாமலேயே. பணிமூப்புப் பட்டியலில் எனக்கு முன்னால் இருப்பவர் யார் என்பது தெரியும். தேர்வாணையம் ஆண்டுக்கு இருமுறை நடத்தும், பதவி உயர்வுக்குத் தேவையான துறைத் தேர்வுகளில் தேறுவது என் பொறுப்பு. ஆனால் மேலே இடம் காலியாவது என் கையில் இல்லை. தமிழக அரசு ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆகவும், 2021-இல் 60 ஆகவும் உயர்த்தியபோது, காலியாக வேண்டிய இடங்கள் காலியாகாமல், தகுதி பெற்றுக் காத்திருந்தவர்களின் உயர்வும் தள்ளிப்போனது. இதற்கிடையே குரூப் 2ஏ வழியாக வெளியிலிருந்து நேரடியாகவே உதவியாளராக வருபவர்களும் உண்டு. அதனால்தான் எங்களில் பலர் பணியில் இருந்துகொண்டே அந்தத் தேர்வுக்கும் படிக்கிறோம்.

தனியார் பணியில் குழுத் தலைவர் நிலைக்கு மேல் உயர்வு எப்படி வருகிறது என்பதை நண்பர்கள் சொல்லித்தான் அறிவேன். ஊர் மாறத் தயங்காதவருக்கு என் கணக்கு பெரிதாகப் பொருந்தாது. மதுரை மாட்டுத்தாவணியின் டைடல் ஐ.டி. பூங்காவுக்கு நிறுவனங்கள் திரளாக வந்தால், ஊரை விட விரும்பாதவரும் இதை வேறு விதமாகப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.